சூரைச்செடிக்குக் கீழே

நெருப்பெரிச்சலில் வாரம் சனிக்கிழமை சாயங்காலம் முடிகிறது. சம்பளம் கைக்கு வரும் நேரம். பெருமாநல்லூர் சாலையில் பஸ்ஸும் பைக்கும் நெருக்கியடிக்கும். மளிகைக் கடையில் பழைய பாக்கியை அடைத்த கையோடு புதுப் பாக்கி எழுதுவார்கள். குழுக் கடன் தவணை, சீட்டு, வாடகை என்று வரிசை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவரும், ஆர்டர் இல்லாமல் பாதி வாரம் சும்மா இருந்தவரும் ஒரே லைன் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். ஒரு வீட்டில் மதுரைப் பக்கத்துக் குடும்பம், அடுத்ததில் தேனிக்காரர்கள், கடைசி அறையில் ஒடிசாப் பையன்கள். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் நம் வீட்டில் கேட்கும். அடுத்த வீட்டில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டது கேட்காது.

*

டாலர் சிட்டி என்று பெயரெடுத்த திருப்பூர், 2010 வாக்கில் தற்கொலைகளுக்காக நாடெங்கும் செய்தியானது. அடுத்த ஆண்டு ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது டீக்கடையில் மறுபடியும் அதே கேள்விகள்: ஆர்டர் நிற்குமா, ஷிப்ட் குறையுமா, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானா.

ஆனால் ஆர்டர் நின்றது, ஆகவே ஒருவர் இறந்தார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் அது உண்மையாகாது. ஆர்டர் நின்ற ஆயிரம் பேர் அடுத்த திங்கட்கிழமை வேறு கம்பெனி வாசலில் நிற்கிறார்கள். கடன், குடி, வீட்டுச் சண்டை, தீராத நோவு, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு, தூரத்து ஊரில் கிடக்கும் தனிமை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834 பேர். நாடு முழுவதுமான கணக்கில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர். எங்கள் லைன் வீடுகளில் குடியிருப்பவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான்.

*

வீட்டு ஜெபக் கூட்டத்தில் பாட்டும் ஜெபமும் முடிந்து காப்பி வரும் இடைவெளியில்தான் மெய்யான பேச்சு வெளியே வரும். ஓவர்லாக் தைக்கிற ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டே, “உசுரோட இருக்கவே பிடிக்கலீங்க்கா” என்கிறாள். இப்படி ஒரு வார்த்தை விழுந்ததும் நம்மில் யாருக்கும் கை கால் ஓடுவதில்லை. அந்தப் பயத்தில் முதலில் வாயில் வருவது, “அப்படியெல்லாம் பேசக்கூடாது கண்ணு, அது பாவம்.” அடுத்தது, “விசுவாசமா ஜெபம் பண்ணு.” மூன்றாவதாக ஒரு வசனம்.

அவள் தலையாட்டுவாள். அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேசமாட்டாள். அவள் தேறிவிட்டாள் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

பாவம் என்ற சொல்லில் பொய்யில்லை. உயிர் கடவுள் தந்தது, அதை முடிக்க நமக்கு உரிமையில்லை என்று திருச்சபை ஆதியிலிருந்தே சொல்லி வருகிறது. ஆனால் சாகவேண்டும் என்று தோன்றியவரிடம் கடவுள் எப்படிப் பேசினார் என்று வேதத்தில் தேடிப் போனால், நாம் பேசுவதுபோல் அவர் பேசவில்லை.

*

1 இராஜாக்கள் 19. எலியா.

முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் எலியாவுக்குப் பெரிய வெற்றி. அடுத்து யேசபேல் அனுப்பிய ஒரு மிரட்டல். உடனே ஓட்டம். வெற்றிக்குப் பிறகு இப்படி ஒரு சரிவு வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார். பெயெர்செபா வரை கூட வந்த வேலைக்காரனை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு நாள் நடை தூரம் வனாந்தரத்துக்குள் தனியே போகிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலைக்காரன்மேல்தான் கண் போகும். துணையை விட்டுவிட்டுப் போகிற அந்த இடம்தான் ஆபத்து. அப்புறம் ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும் என்கிறார். என் உயிரை எடுத்துக்கொள்ளும், என் முன்னோரைவிட நான் ஒன்றும் நல்லவனல்ல என்கிறார். பிறகு அயர்ந்து தூங்கிவிடுகிறார்.

தூதன் வருகிறான். வந்து என்ன செய்கிறான்? தொடுகிறான். எழுந்து சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிடுகிறார், குடிக்கிறார், திரும்பவும் படுத்துக்கொள்கிறார். “சாப்பிட்டாச்சு, இனி எழுந்து ஜெபம் பண்ணு” என்று தூதன் சொல்லவில்லை. தூங்கவிடுகிறான். இரண்டாம் முறையும் வந்து தொட்டு, இன்னும் சாப்பிடு, போகவேண்டிய வழி தூரம் என்கிறான். வேறு போதனை இல்லை. நீ தீர்க்கதரிசி, நீயே இப்படிப் பேசலாமா என்ற கேள்வி இல்லை. கர்மேலை மறந்துவிட்டாயா என்று குத்திக்காட்டவில்லை.

கடவுள் பேசுவது அதற்குப் பிறகு, 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தபின். அங்கேயும் முதலில் கேள்வி: இங்கே உனக்கு என்ன காரியம்? எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறார். நான் ஒருவன்தான் மிஞ்சினேன் என்கிறார். காற்று, பூமியதிர்ச்சி, நெருப்பு எல்லாம் கடந்துபோய் மெல்லிய சத்தம் வந்த பிறகு அதே கேள்வி மறுபடியும் கேட்கப்படுகிறது. எலியாவும் அதே பதிலை, சொல் மாறாமல், மறுபடியும் சொல்கிறார். ஆண்டவரின் சத்தம் கேட்டும் மனம் உடனே திரும்பிவிடவில்லை. அதற்காகவும் அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. செய்யவேண்டிய வேலை சொல்லப்படுகிறது. எலிசா என்ற ஆள் துணைக்குக் காட்டப்படுகிறார். நீ ஒருவன் அல்ல, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு கடைசியில்தான் வருகிறது.

சாவைக் கேட்டார். கேட்டதற்குத் திட்டு விழவில்லை. கேட்டது கொடுக்கப்படவும் இல்லை. சோறு, தூக்கம், காது கொடுத்தல், வேலை, துணை என்றே அந்த அதிகாரம் போகிறது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், ஓவர்டைம் என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஊரில் அந்த அதிகாரத்தை ஆராதனையில் முழுசாக வாசித்தாலே போதும், பிரசங்கம் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

*

எலியா மட்டுமல்ல. எண்ணாகமம் 11-ல் மோசே, இந்த ஜனங்களைச் சுமக்க முடியவில்லை, இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். கிடைத்தது சுமையைப் பங்கிட 70 மூப்பர்கள். எரேமியா பிறந்த நாளைச் சபிக்கிறார். அந்தச் சாபம் வேதத்தில் அப்படியே இருக்கிறது, யாரும் அதை நீக்கவில்லை. கோபத்தில் சாவைக் கேட்ட யோனாவுக்குக் கிடைத்தவை கேள்விகள். அவர் பெயரிலுள்ள புத்தகம் கடவுளின் கேள்வியோடுதான் முடிகிறது.

யோபிடம் கடவுள் கடுமையாகப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசினார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்ற அளவில் பேசினார். ஆனால் 3-ம் அதிகாரத்தில் சாவுக்கு ஏங்கியதைக் குற்றமாக எடுத்து விசாரிக்கவில்லை. கடைசியில் அவர் கோபம் திரும்பியது யோபின் சிநேகிதர்கள்மேல். அந்த மூவரும் முதலில் நல்ல காரியம் ஒன்று செய்தார்கள்: ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். கெட்டது அங்கேதான்.

*

எங்கள் லைன் வீடுகளில் கிறிஸ்தவர் வீடென்றால் சுவரில் ஒரு வாக்குத்தத்தக் காலண்டர் தொங்கும். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டையும் எடுப்போம். ஆசீர்வாதம், உயர்வு, விடுதலை. அதில் 88-ம் சங்கீதம் வந்து நான் பார்த்ததில்லை. வரவும் வராது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கையின் பக்கம் ஒரு திருப்பம் இருக்கும். இதில் இல்லை. இரவும் பகலும் கடவுளைக் கூப்பிடுவதில் தொடங்கும் துக்கம் இருளிலேயே முடிகிறது. இருந்தும் அது ஜெபம் என்று எண்ணப்பட்டு, பாடுவதற்கென்றே சேர்க்கப்பட்டிருக்கிறது. நன்றி சொல்ல வாய் வராத நாளில் புலம்பலையே ஜெபமாகச் சொல்ல அனுமதி உண்டு என்பதை அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லவேண்டும்.

*

சாட்சிகளைப் பற்றி ஒரு குறிப்பு. சாது சுந்தர் சிங்கின் கதை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். தாயை இழந்த பஞ்சாபிச் சிறுவன், 15 வயது, 1904 டிசம்பர். மெய்யான கடவுள் தன்னைக் காட்டாவிட்டால் உயிரை விட்டுவிடுவது என்று முடிவு. விடியுமுன் கிறிஸ்துவின் தரிசனம். உயிர் தப்பி, அந்த வாழ்க்கை முழுவதும் ஊழியமானது.

அருமையான கதை. ஆனால் இதை மட்டுமே சொன்னால், தரிசனம் கிடைக்காமல் விடிந்த அறைகளில் இருப்பவர்கள் தங்களைக் கடவுள் கைவிட்டதாகக் கணக்குப் போடுவார்கள். ஆகவே இன்னொருவரையும் சொல்லவேண்டும்: இங்கிலாந்தின் வில்லியம் கூப்பர். இன்றும் பாடப்படும் பக்திப் பாடல்கள் எழுதியவர். தற்கொலை எண்ணத்தோடு வாழ்நாளில் பல முறை போராடியவர். கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800-ல் இயற்கையாக இறக்கும்வரை அவரை முழுதாக விடவில்லை. 1773-ல் மனம் உடைந்தபோது, போதகரும் பாடலாசிரியருமான ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டார். நியூட்டனின் பிரசங்கம் கூப்பரைக் குணப்படுத்தவில்லை. நியூட்டனின் வீடு அவரைத் தாங்கியது. ஒலினி கீதங்கள் என்ற அவர்கள் இருவரின் தொகுப்பு 1779-ல் வந்தது. அதற்குப் பிறகும் கூப்பர் 20 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், எழுதினார். இதுவும் சாட்சிதான். மேடையில் சொல்ல வசதிப்படாத சாட்சி.

*

யூதாஸ்.

அவன் முடிவைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு முந்திய ஒரு காட்சி மத்தேயு 27-ல் இருக்கிறது. தான் செய்தது தப்பு என்று தெரிந்ததும் அவன் நேரே தேவாலயத்துக்குத்தான் போனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும் வாய்விட்டுச் சொன்னான். அவர்கள் சொன்ன பதில்: அதனால் எங்களுக்கென்ன, அது உன் பாடு.

பேதுருவும் அதே இரவில் வீழ்ந்தவர்தான். மூன்று முறை மறுதலித்துவிட்டு வெளியே போய் மனங்கசந்து அழுதார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பேதுரு மற்ற சீஷர்களின் கூட்டத்தில் இருந்தார். அவரை அங்கே வைத்துக்கொண்டார்கள். இருவருக்கும் இருந்த வித்தியாசம் இது மட்டும்தான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சபை தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: நம் வாசலுக்கு வந்து சொன்னவருக்கு, அது உன் பாடு என்பதையே வசனத்தில் சுற்றிக் கொடுத்தோமா?

*

காது கொடுப்பது பற்றி இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவருக்குக் கிடைத்த பாடம் இது. சாட் வாரா 1935-ல் தம் ஊழியத்தின் தொடக்கத்தில் அடக்கம் செய்தது 14 வயதுச் சிறுமியை. மாதவிடாய் தொடங்கியதைக் கொடிய நோய் என்று பயந்து, கேட்க யாருமில்லாமல் உயிரை விட்டவள். 1953 நவம்பரில் லண்டனில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசி வைத்து, சாகவேண்டும் என்று தோன்றுபவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாகச் சில சபையார் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் கவனித்தது: பலர் தேநீர் குடித்துப் பேசி முடித்ததும் தம்மைப் பார்க்காமலேயே தெளிந்து போனார்கள். ஆலோசனை சொல்லப் படித்தவரைவிடப் பொறுமையாகக் கேட்ட சாதாரணமானவர்கள் அதிகம் பயன்பட்டார்கள். அதை ஒப்புக்கொண்டு வேலையை அவர்களிடம் விட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் உருவானது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகாவும் இப்படித் தன்னார்வலர்கள் காது கொடுக்கும் இடம்.

தேநீர். தணலில் சுட்ட அடை. ஓவர்லாக் பெண்ணுக்கு முதல் கேள்வியாக, “உண்டீங்களா கண்ணு?” என்று கேட்பதை யாரும் குறைவாக எண்ணவேண்டாம்.

*

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்தவர் என்ற பேச்சு சில கூட்டங்களில் உண்டு. இது தவறு, ஆபத்தான தவறு. பவுலின் உடன் ஊழியர் லூக்கா மருத்துவர். வயிற்றுக் கோளாறுக்கு என்ன குடிக்கவேண்டும் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் மனநல மையத்தை 1957-ல் தொடங்கி, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கவேண்டும் என்று வைத்தது. அதே கல்லூரியின் மருத்துவர்கள் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் பத்தாண்டு மரணக் கணக்கைப் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள்: 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். வெளியே சொல்லாமல் மறைக்கப்பட்ட பிள்ளைகளை எண்ணிச் சொன்னதையும் நான் ஊழியமென்றே நினைக்கிறேன். வீட்டைவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் நிறைந்த நம் ஊருக்கு அந்த எண் அந்நியமல்ல.

திருப்பூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்க வெட்கப்படவேண்டியதில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்கே கொண்டுபோகாதவர்கள் உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவும் இல்லை.

*

ஒருவரை இழந்த வீட்டாருக்கு.

ஆறாம் நூற்றாண்டில் பிராகாவில் கூடிய ஆலோசனைச் சங்கம், தற்கொலையால் இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனை கூடாது என்றது. அந்தக் கடுமை வெகுகாலம் நீடித்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனவேதனையும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் இரட்சிப்பைக் குறித்து நம்பிக்கை இழக்கவேண்டாம் என்று 1992-ல் வந்த மறைக்கல்வி நூல் சொல்கிறது. ரோமர் 8-ல் பவுல், கிறிஸ்துவிலுள்ள கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்கமுடியாதவை என்று ஒரு பட்டியல் போடுகிறார். பட்டியலில் முதலில் நிற்பது மரணம். துக்க வீட்டில் அவர் எங்கே போனாரோ என்று பேசுகிறவர்கள் அதை ஒரு முறை வாசித்துவிட்டுப் போகட்டும்.

*

கடைசியாகப் பிலிப்பி. அப்போஸ்தலர் 16. நடுராத்திரி, பூமியதிர்ச்சி, சிறைக் கதவுகள் திறந்து கிடக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள், இனித் தனக்கு உயிரில்லை என்று நினைத்த காவலன் தன்னை மாய்த்துக்கொள்ளத் துணிகிறான். இங்கே மெல்லிய சத்தம் இல்லை. கைதியான பவுல் உரக்கக் கத்துகிறார். உனக்கு ஒரு கெடுதியும் செய்துகொள்ளாதே, ஒருவரும் போகவில்லை, எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்கிறார். விசுவாசம், ஞானஸ்நானம் எல்லாம் அதற்குப் பிறகு. முதலில் உயிர் நின்றது. அந்த விடியலுக்குள் காவலன் பவுலின் காயங்களைக் கழுவினான், வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டான்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, கடனையும் பொருளையும் ஒப்படைத்து விடைபெறுவதுபோல் பேசினால், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “உசுர விட்டுறணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டதால் மனம் லேசானவர்களே அதிகம். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். கெடுதி செய்யக்கூடிய பொருள்களை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மருத்துவரிடம் கூடப் போங்கள். ஜெபமும் பண்ணுங்கள், கூட உட்கார்ந்தே பண்ணுங்கள்.

இதை வாசிக்கிற உங்களுக்கே அப்படித் தோன்றிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடும் முன் ஒருவரைக் கூப்பிடுங்கள். அக்காவோ, கூட வேலை செய்பவரோ, போதகரோ, அடுத்த வீட்டுக்காரரோ. யாரும் தோன்றாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, சென்னை சினேகா 044-24640050. 14416-க்குக் கட்டணம் இல்லை, ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.